நிறுவலுக்கு முன் பயாஸ்: அண்ணன் மகளின் புதுக் கணினி

பாகங்களை வாங்கி நாமே பூட்டிய கணினியில் இயங்குதளத்தை நிறுவுவது இன்று கடினமான வேலை அன்று. யூஎஸ்பியைச் செருகி, திரையில் வரும் கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டே போனால் அரை மணி நேரத்திற்குள் முகப்புத் திரை வந்துவிடும். இந்த எளிமைதான் பலரை அவசரப்பட வைக்கிறது. பயாஸ் என்று நாம் இன்னும் பழக்கத்தால் அழைக்கும் ஃபர்ம்வேரில், அதாவது கணினியை இயக்கியதும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்த நிரலில், எடுக்க வேண்டிய முடிவுகளில் நான்கைந்து, இயங்குதளம் வட்டில் எந்த முறையில் எழுதப்படும், எதை நம்பித் தொடங்கும், எந்த நேரத்தைச் சரியென்று கொள்ளும் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. அவற்றை நிறுவலுக்குப் பிறகு மாற்றப் புகுவது, அறைகலன்களை அடுக்கி முடித்த வீட்டில் தரையோடுகளைப் பெயர்ப்பது போன்ற வேலை. ஆகவே புதுக் கணினியின் முதல் மாலையை முழுவதும் பயாஸுக்கே ஒதுக்குவது என்பதை நான் விடாமல் கடைப்பிடித்து வருகிறேன்.

அண்ணன் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்ததை ஒட்டி, அவளுக்காக ஒரு மேசைக் கணினியைப் பூட்டினோம். பாகங்களில் பெரும்பாலானவை சிம் லிம் ஸ்குவேரில் வாங்கியவை. அங்குள்ள கடைகள் சிறு கட்டணத்திற்குப் பூட்டியும் கொடுக்கும். ஆனால் அவளே செய்ய விரும்பினாள், ஈசூனில் உள்ள அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே நான் பக்கத்தில் இருக்க அவளே செய்து முடித்தாள். ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஏஎம்5 வகை பி650 மதர்போர்டு (இனி பலகை), எட்டு மையங்கள் கொண்ட ரைசன் 7 9700எக்ஸ் ப்ராசஸர், 16 ஜிபி கொண்ட இரண்டு டிடிஆர்5 ரேம் பட்டைகள், வட்டாகப் பயன்படும் இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டிகள். பாடத்திற்குத் தேவையான மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே இயங்குபவை. நிரலாக்கத்திற்கு அவளுக்கு லினக்ஸ் வேண்டும். இரண்டையும் தனித்தனி எஸ்எஸ்டியில் வைப்பது என்று முடிவு செய்தோம். இந்த முடிவு பின்னால் சொல்லப்போகும் பலவற்றைப் பாதித்தது.

பயாஸைப் பற்றிய முதல் பாடம் அதற்குள் நுழையுமுன்பே தொடங்குகிறது. டிடிஆர்5 நினைவகம் உள்ள கணினி முதன்முறை மின்சாரம் பெறும்போது, ப்ராசஸரும் ரேமும் ஒன்றோடொன்று பேசுவதற்கான நேர இடைவெளிகளையும் மின்னழுத்தங்களையும் தாமே சோதித்துக் கண்டுபிடிக்கின்றன. இந்த நினைவகப் பயிற்சி முடிய முதல்முறை சில நிமிடங்கள் வரை ஆகலாம். விசிறிகள் சுழலும், மதர்போர்டின் ஓரத்தில் ‘டிராம்’ என்று எழுதிய சிறு விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். “சித்தப்பா, எதையாவது தப்பா மாட்டிட்டேனா?” என்று அவள் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, காத்திருக்கச் சொன்னேன். இந்தக் கறுப்புத் திரையைப் பழுது என்று எண்ணி மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் மீண்டும் போடுபவர்கள், பயிற்சியை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். பத்து நிமிடங்களுக்கு மேலும் விளக்கு அணையாவிட்டால்தான் ரேம் பட்டைகளைச் சந்தேகிக்க வேண்டும். நான்கு துளைகள் உள்ள பலகையில் இரண்டு பட்டைகளை மட்டும் போடும்போது, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும் ஆன துளைகளில் அவை இருக்க வேண்டும். மிகப் பெரும்பாலான பலகைகளின் கையேடுகள் இதையே சொல்கின்றன.

திரை வந்ததும் டெலீட் விசையை அழுத்தி உள்ளே போனோம். முதலில் எதையும் மாற்றாமல், இருப்பதை எல்லாம் படித்துப் பார்ப்பது நல்லது. 32 ஜிபி நினைவகம் முழுவதும் தெரிகிறதா, எஸ்எஸ்டி தன் பெயரோடு தெரிகிறதா, ப்ராசஸரின் வெப்பநிலை எவ்வளவு என்ற மூன்றும் போதும். சும்மா இருக்கும்போதே வெப்பநிலை நிமிடத்திற்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால், குளிர்விப்பானின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை என்றோ, அதன் திருகுகள் சமமாக இறுகவில்லை என்றோ பொருள். எங்களுடையது ஓரிடத்தில் நிலையாக நின்றது.

அடுத்து வருவது பயாஸ் புதுப்பிப்பு. ‘நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே’ என்ற பழைய அறிவுரை இன்னும் பலர் மனத்தில் இருக்கிறது. புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் பலகையே வீணாகிவிடும் என்ற காலத்தில் அது சரியான அறிவுரைதான். இப்போது நிலைமை வேறு. கடை அலமாரியில் பல மாதங்கள் இருந்த பலகையின் பயாஸ், அதில் நாம் போடும் ப்ராசஸரை விடப் பழையதாக இருக்கக்கூடும். 9700எக்ஸ் விற்பனைக்கு வந்தது 2024 ஆகஸ்டில். பி650 பலகைகளோ அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டன. பழைய பயாஸோடு வந்த பலகை புதிய ப்ராசஸரை அடையாளம் காணாமல் திரையே வராமல் போகலாம். இதற்காகவே பல பலகைகளின் பின்புறத்தில் ஃப்ளாஷ்பேக் பொத்தான் ஒன்று இருக்கிறது: எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் வடிவமைத்த யூஎஸ்பியில் பயாஸ் கோப்பை, கையேடு சொல்லும் பெயரில் வைத்து, குறிப்பிட்ட துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால், ப்ராசஸரே இல்லாவிட்டாலும் பயாஸ் புதுப்பிக்கப்படும். எங்கள் பலகையில் திரை வந்துவிட்டதால் பயாஸின் உள்ளேயே இருக்கும் புதுப்பிப்புக் கருவியைப் பயன்படுத்தினோம்.

புதுப்பிப்பைக் கட்டாயம் என்று நான் கருதுவதற்குப் பெரிய காரணம் மின்னழுத்தம். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி வகை ப்ராசஸர்கள் சில, துளையிலேயே கருகிப்போன செய்திகள் வந்தன. அவற்றின் எஸ்ஓசி பகுதிக்கு (நினைவகக் கட்டுப்படுத்தி முதலியவை உள்ள பகுதி) அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போனது காரணமாகச் சுட்டப்பட்டது. அதன்பின் ஏஎம்டி அந்த அழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் பயாஸ் நிரலைப் பலகை நிறுவனங்களுக்கு அளித்தது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினி ப்ராசஸர்கள் நிலைதடுமாறியபோதும் தீர்வு, ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் மைக்ரோகோடு என்ற நுண்ணிரலின் வடிவில், பயாஸ் புதுப்பிப்பின் வழியாகவே வந்தது. ஏற்கெனவே சேதமடைந்த ப்ராசஸரை அந்தப் புதுப்பிப்பு சரிசெய்யாது என்பதையும் இன்டெல் தெளிவாகச் சொன்னது. அதாவது, பயாஸ் புதுப்பிப்பு வன்பொருளின் ஆயுளைக் காப்பது. ஆறு மாதம் கழித்துச் செய்வதால் இழந்தது திரும்ப வராது.

கோப்பைப் பலகை நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். மாதிரிப் பெயரோடு திருத்த எண்ணையும் ஒப்பிட வேண்டும். ஒரே பெயரில் ‘வைஃபை’ என்ற ஒட்டுடனும் ஒட்டில்லாமலும், திருத்தம் 1.0, 1.1 என்றும் பலகைகள் உண்டு. ‘பீட்டா’ என்று குறித்த பதிப்புகளை, குறிப்பிட்ட ஒரு பழுதுக்கு அது தேவைப்பட்டாலொழிய, நான் எடுப்பதில்லை. புதுப்பிப்பு முடிந்ததும் எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே இதை முதலில் செய்யாமல் மற்றவற்றைச் செய்வதில் பயனில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏஎம்டி ப்ராசஸர்களில் மறையாக்கச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் பாதுகாப்புப் பகுதி ஃபர்ம்வேருக்குள்ளேயே இருப்பதால், சில புதுப்பிப்புகளின்போது அதிலுள்ள சாவிகள் அழிந்துபோகலாம். வட்டை மறையாக்கம் செய்த பிறகு இது நேர்ந்தால், விண்டோஸ் நீண்ட மீட்புச் சாவி எண்ணைக் கேட்டுக்கொண்டு நிற்கும். வெறும் வட்டாக இருக்கும்போது இழப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி நினைவக வேகம். பெட்டியின் மேல் 6000 என்று அச்சிட்டிருந்த அந்த ரேம், பயாஸில் 4800 என்ற வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இது குறை அன்று, 1.1 வோல்ட்டில் எந்தப் பலகையிலும் தொடங்கக்கூடிய பொதுத் தரம் அது. அச்சிட்ட வேகத்தைப் பெற ஏஎம்டி பலகைகளில் எக்ஸ்போ, இன்டெல் பலகைகளில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும். அப்போது வேகத்தோடு மின்னழுத்தமும் 1.35 வோல்ட் அளவுக்கு உயரும். முறைப்படி பார்த்தால் இது ஓவர்கிளாக்கிங், அதாவது அறிவித்த வேகத்தை மீறி ஓட்டுவது. இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி அறிவித்திருக்கும் ரேம் வேகம் 5600 தான். எக்ஸ்போவை இயக்கிய பிறகு நினைவகக் கட்டுப்படுத்தி ரேமுக்கு இணையாக, ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு துடிப்பில் இருமுறை தரவு நகர்வதால், 6000 வேகத்திற்கு இரண்டும் 3000 மெகாஹெர்ட்ஸ் காட்டினால் சரி. கட்டுப்படுத்தி மட்டும் பாதி வேகத்தில் ஓடினால், கூடுதல் வேகத்தின் பலனில் பெரும்பகுதி போய்விடும்.

இந்த இடத்தில்தான் என் வற்புறுத்தல் மிகுதி. எக்ஸ்போவை இயக்கிவிட்டு, கணினி தொடங்குகிறது என்பதையே நிலைத்தன்மைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. மெம்டெஸ்ட்86+ என்ற கட்டற்ற சோதனைக் கருவியை யூஎஸ்பியில் எழுதி, அன்று இரவு முழுவதும் ஓடவிட்டோம். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து அது யூஇஎஃப்ஐ என்ற இன்றைய ஃபர்ம்வேர் முறை கொண்ட கணினிகளில் நேரடியாக இயங்குகிறது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு ஏற்கத்தக்கது அன்று. வேகத்தை ஒரு படி இறக்கி மீண்டும் சோதிக்க வேண்டும். இதை நிறுவலுக்கு முன் செய்ய வேண்டியதன் காரணம் எளிது: நிறுவும்போது யூஎஸ்பியிலிருந்து விரிக்கப்படும் ஒவ்வொரு கோப்பும் ரேமின் வழியாகத்தான் எஸ்எஸ்டிக்குப் போகிறது. ரேமில் ஒரு பிட் தவறினால் தவறிய கோப்பே வட்டில் பதியும். பல வாரங்கள் கழித்து ஏதோ ஒரு மென்பொருள் காரணமின்றி மூடிக்கொள்ளும். நாம் அந்த மென்பொருளைக் குறைசொல்லிக்கொண்டிருப்போம். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருந்ததைப் பார்த்த பின்னரே அடுத்த படிக்குப் போனோம்.

விசிறி அமைப்புகளை எழுதும் வெளிநாட்டு வழிகாட்டிகள், அறை வெப்பநிலை 20 டிகிரிக்குச் சற்று மேல் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் குளிரூட்டி ஓடாத அறையில் பகலில் 30 டிகிரியைச் சாதாரணமாகவே காண்கிறோம். இங்கே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். 1983-இல் தெங்காவிலும் 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் அது பதிவானது. குளிர்விப்பான் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் ப்ராசஸரை அறையின் காற்றை விடக் குளிர்ச்சியாக்க அதனால் முடியாது. ஆகவே அறை பத்து டிகிரி சூடாக இருந்தால் ப்ராசஸரும் ஏறக்குறைய அதே அளவு சூடாகத்தான் இருக்கும். பலகையின் இயல்பான விசிறிக் கோட்டை அப்படியே விட்டால், இணையப் பக்கம் ஒன்றைத் திறந்த கணத்தில் விசிறி சீறி எழும், அடுத்த கணத்தில் அடங்கும், மீண்டும் எழும். தொடர்ந்து ஒரே ஒலியில் ஓடும் விசிறியை விட இப்படி ஏறி இறங்கும் விசிறிதான் படிப்பவரின் கவனத்தைக் கலைக்கும்.

நாங்கள் செய்தது இதுதான்: 60 டிகிரி வரை விசிறி ஒரே நிதான வேகத்தில் ஓடும்; அங்கிருந்து 80 வரை மெல்ல ஏறும்; 85-இல் முழு வேகத்தைத் தொடும். இந்த ப்ராசஸரின் உச்ச வரம்பு 95 டிகிரி என்பதால் இது பாதுகாப்பான இடைவெளியே. வேகம் மாறுமுன் சில நொடிகள் காத்திருக்கச் சொல்லும் தாமத அமைப்பையும் கூட்டினோம். கணநேர வெப்பத் துள்ளல்களுக்கு விசிறி பதில் சொல்லாமல் இருக்க அது உதவுகிறது. பெட்டியின் முன்புற விசிறிகளை ப்ராசஸரின் வெப்பத்தோடு இணைக்காமல், மதர்போர்டின் வெப்ப உணரியோடு இணைத்தோம். அதன் வெப்பநிலை மெதுவாக மாறுவதால் அந்த விசிறிகளும் மெதுவாகவே மாறும். அவள் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுவிட்டு, இது போதும் என்றாள்.

இனி, இயங்குதளத்தோடு நேரடித் தொடர்புள்ள அமைப்புகள். 1981-இல் ஐபிஎம் கணினியோடு வந்த பயாஸ் முறைக்கு மாற்றாக இன்டெல் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஈஎஃப்ஐ, 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றத்தின் பொறுப்பில் யூஇஎஃப்ஐ ஆனது. பழைய முறையில் இயங்கும் இயங்குதளங்களுக்காக சிஎஸ்எம் என்ற ஒத்திசைவுப் பகுதி பல பலகைகளில் இருக்கிறது. அதை அணைத்தே வைக்க வேண்டும். அது இயங்கிக்கொண்டிருக்கும்போது யூஎஸ்பியைப் பழைய முறையில் தொடங்கிவிட்டால், நிறுவி வட்டைப் பழைய எம்பிஆர் அட்டவணையோடு பிரிக்கும். 512 பைட் துண்டுகளை 32 பிட் எண்ணால் எண்ணும் அந்த அட்டவணை 2 டெபிபைட்டுக்கு மேல் எண்ணாது. கையொப்பமிட்ட தொடக்க நிரல்களை மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட்டையும் அந்த நிறுவலில் பயன்படுத்த முடியாது. யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கினால் ஜிபிடி அட்டவணை அமையும். தொடக்க நிரல்களுக்கென்று சிறிய எஃப்ஏடி32 பிரிவு ஒன்று தனியே உருவாகும். யூஎஸ்பியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஒரே குச்சி இருமுறை தெரிந்தால், ‘யூஇஎஃப்ஐ’ என்ற முன்னொட்டு உள்ளதையே எடுக்க வேண்டும்.

விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0, ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம் என்றும் இன்டெல் பலகைகளில் பிடிடி என்றும் பெயர் பெற்றிருக்கும். புதிய பலகைகளில் அது பெரும்பாலும் இயங்கியபடியே வரும். செக்யூர் பூட் அப்படியன்று. சில பலகைகளில் ‘இயங்குகிறது’ என்று காட்டினாலும் உள்ளே சாவிகள் ஏற்றப்படாமல் அமைப்பு நிலையிலேயே இருக்கும். தொழிற்சாலைச் சாவிகளை மீட்டமைக்கும் கட்டளையை ஒருமுறை கொடுத்தால்தான் அது உண்மையில் இயங்கும். மைக்ரோசாஃப்ட் 2011-இல் உருவாக்கிய செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. அவற்றின் இடத்தில் 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் வருகின்றன. புதிய பயாஸ் பதிப்பை முதலிலேயே எழுதிவிட்டுப் பிறகு சாவிகளை ஏற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். கையொப்பமில்லாத கருவிகளை செக்யூர் பூட் தடுத்துவிடும் என்பதால், ரேம் சோதனை முடியும் வரை அதை அணைத்து வைத்திருந்தோம்.

வரைகலை அட்டையின் நினைவகம் முழுவதையும் ப்ராசஸர் நேரடியாக அணுக விடும் ரீசைசபிள் பார், மெய்நிகர் கணினிகளுக்கான எஸ்விஎம் ஆகிய இரண்டையும் இயக்கினோம். மின்தடைக்குப் பின் கணினி தானாக எழ வேண்டாம் என்று வைத்தோம். இவற்றில் விவாதிக்க அதிகம் இல்லை. இன்டெல் பலகை வைத்திருப்பவர்கள், எஸ்எஸ்டிகளை இன்டெலின் சொந்தக் கட்டுப்படுத்தி வழியாக இயக்கும் விஎம்டி என்ற அமைப்பை மட்டும் கவனிக்க வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால், அதற்குரிய டிரைவரைத் தராதவரை விண்டோஸ் நிறுவிக்கு எஸ்எஸ்டியே தெரியாமல் போகலாம்.

விண்டோஸ் யூஎஸ்பியை மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து பெற்ற கருவியால் உருவாக்கினோம். முழு வட்டுப் பிம்பத்தை (ஐஎஸ்ஓ கோப்பை) இறக்கி நாமே நகலெடுக்க நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: எஃப்ஏடி32 வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அந்தப் பிம்பத்திலுள்ள முதன்மைக் கோப்பு பெரும்பாலும் தாண்டிவிடும். ரூஃபஸ் போன்ற கருவிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. அதே யூஎஸ்பியில் மதர்போர்டின் கம்பி வலையமைப்பு, வைஃபை டிரைவர்களையும் போட்டு வைப்பது நல்லது. இப்போதைய நிறுவல் இணைய இணைப்பைக் கேட்கிறது. வைஃபை சில்லு புதியதாக இருந்தால் நிறுவிக்கு அது தெரியாமல், அடுத்த திரைக்குப் போக முடியாமல் நிற்க நேரும்.

இரண்டாவது எஸ்எஸ்டியை விண்டோஸ் நிறுவி முடியும் வரை நாங்கள் பலகையில் பொருத்தவே இல்லை. இரண்டு வட்டுகள் இருந்தால், நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும், விண்டோஸ் நிறுவி தன் தொடக்க நிரலை மற்றொன்றில் ஏற்கெனவே இருக்கும் தொடக்கப் பிரிவில் எழுதிவிடுவது உண்டு. பிறகு அந்த வட்டைக் கழற்றினால் விண்டோஸ் எழாது. ஒவ்வொரு வட்டும் தன் சொந்தத் தொடக்கப் பிரிவோடு, மற்றதன் உதவியின்றி எழும்படி இருப்பதே என் விருப்பம். ஒன்று பழுதானாலும் அவளுடைய வகுப்பு நின்றுவிடாது.

விசைப்பலகையைக் கேட்கும் திரையில் ஒரு சிறு கவனம் தேவை. நம் சுவர்த் துளைகள் பிரிட்டிஷ் முறையைச் சேர்ந்தவை என்றாலும் இங்கே விற்கும் விசைப்பலகைகள் அமெரிக்க அமைப்பு கொண்டவை. பிரிட்டிஷ் அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மின்னஞ்சல் முகவரியின் ‘அட்’ குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் வட்டு மறையாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது. அதன் மீட்புச் சாவி கணக்கில் சேமிக்கப்படும் என்றாலும், அதைத் தாளிலும் எழுதி, அண்ணி முக்கிய ஆவணங்கள் வைத்திருக்கும் கோப்பில் சேர்த்தோம். விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தையும் அணைத்தோம். அது இயங்கினால் கணினி முழுமையாக அணையாமல், வட்டை உறக்க நிலையில் விட்டுச்செல்லும். லினக்ஸிலிருந்து அந்த வட்டில் எழுத முயன்றால் சிக்கல் வரும். பயாஸில் இருக்கும் ஃபாஸ்ட் பூட் என்பது வேறு, இது வேறு.

லினக்ஸுக்கு டெபியன் 13-ஐத் தேர்ந்தெடுத்தோம். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான பதிப்பு அது; அதன் மையநிரலான 6.12 கெர்னல் இந்த ப்ராசஸருக்குப் போதுமான அளவு புதியது. 12-ஆம் பதிப்பிலிருந்தே வைஃபை போன்றவற்றுக்கு வேண்டிய கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர் கோப்புகளும் நிறுவியிலேயே இருப்பதால் முன்னைய தொல்லை இல்லை. இறக்கிய பிம்பம் மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 கூட்டுத்தொகையை, தளத்தில் கொடுத்திருப்பதோடு அவளே ஒப்பிட்டாள். தொடக்க நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற ஷிம் என்ற இடைநிரல் இருப்பதால் செக்யூர் பூட்டை அணைக்காமலே நிறுவ முடிந்தது. என்விடியா வரைகலை அட்டை வைத்திருப்பவர்கள் அதன் டிரைவருக்காகத் தங்கள் சொந்தச் சாவி ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரையில் அதை ஏற்க வேண்டும், அதைத் தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

இரண்டு இயங்குதளங்களும் உள்ள கணினியில் கடிகாரம் எட்டு மணி நேரம் பிறழ்வதைச் சிங்கப்பூர்க்காரர்கள் பலர் கண்டிருப்பார்கள். விண்டோஸ், பலகையிலுள்ள கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. 1982 ஜனவரி 1 முதல் நம் நேரம் பொது நேரத்திற்குச் சரியாக எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால், வித்தியாசமும் சரியாக எட்டு மணி நேரமாகவே இருக்கும். கடிகாரம் பிறழ்ந்தால் பாதுகாப்பான இணையத் தளங்கள் கூடச் சான்றிதழ் பிழை காட்டித் திறக்காமல் போகலாம். பொதுவாக, விண்டோஸைப் பொது நேரத்திற்கு மாற்றுங்கள் என்பார்கள்; கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இரண்டு இயங்குதளங்களும் தனித்தனியே ஒரு மணி நேரத்தைத் திருத்திக் குழப்பும் என்பதே அதற்கு முக்கியக் காரணம். நமக்கு அந்த வழக்கமே இல்லை. ஆகவே லினக்ஸை உள்ளூர் நேரத்திற்கு மாற்றிவிட்டோம். ஒரே கட்டளையில் முடிகிற வேலை. விண்டோஸின் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) கை வைக்கத் தேவையில்லை.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 1997-இல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர் இது. நம் ஊர் நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கி, இணையத்தில் தமிழ் எழுத்துகளைக் கொண்டுவர உழைத்த காலத்தில், எழுத்துருவும் விசைப்பலகையும் தனித்தனியே தேடி நிறுவ வேண்டியவையாக இருந்தன. இன்று விண்டோஸில் நிர்மலா எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளையும் மொழி அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம். டெபியனில் நோட்டோ எழுத்துருத் தொகுப்பையும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியின் எம்17என் தொகுப்பையும் நிறுவினால் போதும். அண்ணி சிறுகதை எழுதுபவர். அவர் கை தமிழ் 99-க்குப் பழகியது. இடக்கையில் உயிரெழுத்துகளும் வலக்கையில் மெய்களும் அமைந்த அந்த அமைப்பில் அவர் எழுதும் வேகத்தைக் கண்டு, மகளும் இப்போது அதையே கற்றுக்கொள்கிறாள். நிறுவும்போது மட்டும் முதன்மை விசைப்பலகையாக ஆங்கிலத்தையே வைத்து, தமிழைப் பிறகு சேர்க்க வேண்டும். மறையாக்கிய வட்டைத் திறக்கும் திரையில் தமிழ் உள்ளீட்டு முறை இன்னும் ஏறியிருக்காது. அங்கே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய ஆங்கில விசைகள்தான் கிடைக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு பயாஸுக்குள் மீண்டும் ஒருமுறை போய், அமைப்புகளை ஒரு தொகுப்பாக யூஎஸ்பியில் சேமித்தோம். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமும் எடுத்தோம். அடுத்த பயாஸ் பதிப்பு பழைய தொகுப்பை ஏற்காமல் போகலாம். படங்களைப் பார்த்துக் கையால் அமைத்துக்கொள்ளலாம். ப்ராசஸரின் மின்னழுத்தத்தைக் குறைத்து வெப்பத்தை இன்னும் இறக்கும் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பை இப்போதைக்குத் தொடவில்லை. முதல் பருவத் தேர்வு முடியட்டும், விடுமுறையில் ஒவ்வொரு மையத்தையும் தனித்தனியே சோதித்து அதை அமைப்போம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.